டாம்வொர்த்தில் நிற்காத ரயில்

நெவில் ராக் எதிர்த்து நின்று ஜெயித்தவை என்று எழுதினால் இவ்வளவு வரும். ஒரு வரி படிக்கத் தெரியாமல், செஸ்டர்ஃபீல்டில் ஓர் ஆரம்பப் பள்ளிக் கட்டடத்தைப் பத்தொன்பது வருடம் கவனித்துக்கொண்டான். அந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு குளிர்காலக் காலையில்கூட பிள்ளைகள் உட்கார்ந்த வகுப்பறை சில்லென்று இருந்ததில்லை. மனைவி பிரிந்து பிரிஸ்டலுக்குப் போன பிறகும், மகள் ஃபெர்னை ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தான். எட்டு வருடத்தில் பணமில்லை என்று ஒரு சனிக்கிழமையைக்கூட விட்டதில்லை. தொண்ணூற்றொரு பவுண்டு கேட்ட ரயில் பயணத்தை நாற்பத்தொன்பது பவுண்டுக்குப் போய்வந்தான். அதற்காக அவனைத் திருடன் என்று எழுதிய கம்பெனியை பர்மிங்ஹாம் நீதிமன்றத்தில் வென்றான். பிறகு பன்னிரண்டு எழுத்துகள். அதை முறைப்படி கடைசியில்தான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் தேதி பிசகாமல் சொல்லக்கூடியவள் அவனுடைய அக்கா மாரியன். ஆறு வயது மூத்தவள். பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டுப் பேண்டேஜ் சுற்றும் ஆலைக்குப் போனவள். பெட்டிக்கு இருபத்துநான்கு சுருள், இருபத்துமூன்று இருந்தால் மேஸ்திரி பெட்டியைத் தரையில் கொட்டிவிடுவான். அங்கே பிடித்த வழக்கம் அவளை விடவில்லை. வந்த கடிதங்கள், உறைகள், பயன்படுத்திய டிக்கெட்டுகள் எல்லாம் வருடவாரியாகப் பிஸ்கட் டப்பாக்களில் இருந்தன.

நெவிலுக்கு எழுத்து ஏறவில்லை. ஏறாதவனை என்ன செய்வது என்று அந்தக் காலத்து வாத்தியாருக்குத் தெரியவில்லை; கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே கொண்டுபோய் உட்கார வைத்தார். மழைக்காலம் முழுக்க நாற்பது பிள்ளைகளின் நனைந்த கம்பளிக் கோட்டுகள் அவன் தலைமேல் சொட்டின. வீட்டுக்கு வந்தால் அவன்மேல் ஈரநாய் வாடை அடிக்கும். மாரியன் இன்றைக்கும் கம்பளிக் கோட்டு வாங்குவதில்லை.

ஆனால் காது இருந்தது. ஒருமுறை கேட்டதை அவன் மறந்ததில்லை. கால்பந்து முடிவுகளை வானொலியில் ஒரு தடவை கேட்டுவிட்டு, நான்கு பிரிவுகளையும் அப்பாவுக்கு அப்படியே ஒப்பிப்பான். பாரம் எழுதுவது, கையெழுத்துப் போடுவது, இரண்டும் அக்காவின் வேலை. வேலைக்கு மனு எழுதினது அவள், அடியில் என். ராக் என்று போட்டதும் அவள். வங்கி, வாடகை, விவாகரத்து எல்லாவற்றிலும் அவளுடைய சாய்ந்த கையெழுத்துதான். யாராவது நேரில் தாளை நீட்டினால், கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்பான். அவன் கண்ணாடி வாங்கியதே இல்லை. பள்ளியில் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதில் அவனைவிட அவள்தான் கெட்டியாக இருந்தாள்.

பிரித்து டிக்கெட் வாங்கும் வித்தை அவனுக்குக் காதுவழியாகத்தான் வந்தது. ஒருநாள் டிக்கெட் சன்னலில் அவனுக்கு முன்னால் நின்ற மாணவி, பிரிஸ்டலுக்கு என்று கேட்காமல், டாம்வொர்த் வரை ஒன்று, அங்கிருந்து செல்ட்னத்துக்கு ஒன்று, செல்ட்னத்திலிருந்து பிரிஸ்டலுக்கு ஒன்று என்று கேட்டாள். மூன்றின் தொகையும் அவன் காதில் விழுந்தது. அவன் கையில் தொண்ணூற்றொரு பவுண்டு இருந்தது. எங்கேயும் இறங்கி ஏற வேண்டாமா என்று அவளிடமே கேட்டான். வேண்டாம், அதே ரயில், அதே இருக்கை, டிக்கெட் பிரிந்த ஊரில் ரயில் நின்றால் போதும் என்றாள்.

அன்று சாயங்காலம் இதைக் கேட்டபோது மாரியன் முதலில் நம்பவில்லை. நம்பியதும் அவளுக்கு வந்தது சந்தோஷமில்லை. முழு ரொட்டியை வாங்கினால் ஒரு விலை, அதே ரொட்டியை மூன்று துண்டாகக் கேட்டால் பாதி விலை என்று ஒரு பேக்கரிக்காரன் விற்றால், தெருவே கூடி அவன் முகத்தில் மாவைப் பூசியிருக்கும். ரயில்காரன் விற்கிறான், ஜனங்கள் கோட்டும் தொப்பியுமாக வரிசையில் நின்று முழு விலை கொடுத்துவிட்டு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போகிறார்கள். தம்பி இரண்டு வருடம் அப்படிக் கொடுத்த கூடுதல் காசுக்கு ஃபெர்னுக்கு வருடத்துக்கொரு புதுச் சைக்கிள் வாங்கியிருக்கலாம். அந்தக் கணக்கை அவள் மனதுக்குள் ஒரு தடவை போட்டாள். இரண்டாவது தடவை போட முடியவில்லை.

நெவில் கோபப்படவில்லை, வேலையில் இறங்கினான். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் டிக்கெட் சன்னலில் வரிசை இருக்காது. வாரம் மூன்று விலை மட்டும் கேட்பான், அதற்கு மேல் தொந்தரவு செய்ய மாட்டான். சன்னலில் இருந்த அம்மாளும் நல்லவர். அவன் தலையைக் கண்டாலே இன்றைக்கு எந்த ஊர் என்பார். ஒரு வருடத்தில் நியூகாசிலிலிருந்து ப்ளிமத் வரை எங்கே வெட்டினால் எவ்வளவு என்பது அவன் மண்டைக்குள் இருந்தது. பள்ளியின் சமையல்காரி லீட்ஸுக்குப் போனாலும், பக்கத்து வீட்டுக்காரர் கார்டிஃபில் அண்ணன் சாவுக்குப் போனாலும் அவனிடம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கம்ப்யூட்டரில் பார்த்தாயா என்று கேட்பார்கள். ஆமாம் என்பான்.

படிக்கத் தெரியாதவன் மூன்று டிக்கெட்டை எப்படிப் பிரித்து அறிவது. முதல் டிக்கெட் சட்டைப் பையில், இரண்டாவது கோட்டுப் பையில், மூன்றாவது கால்சட்டையின் பின்பையில். நிலையப் பலகையைப் படிக்க முடியாது. அதனால் நடைமேடையில் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நிற்பான். டாம்வொர்த் என்ற பெயரைக் காதால் கேட்ட பிறகுதான் காலைத் தூக்கிப் படியில் வைப்பான். கேட்காவிட்டால் அந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பான். பனியில் ஒன்றரை மணி நேரம் அப்படி நின்ற நாளும் உண்டு.

2014 ஜூன் 14, சனிக்கிழமை. ஒன்பது இருபத்தேழு ரயில். அறிவிப்பில் டாம்வொர்த் வந்தது, நெவில் ஏறினான். டார்பிக்கு வெளியே ஏதோ சிக்னல் கோளாறு. முப்பத்தொரு நிமிடம் வண்டி வயல் நடுவே நின்றது. பெட்டிக் கோடியில் கழிவறைக் கதவு மூடவில்லை. வெயில் ஏற ஏற, அங்கிருந்து வந்த நாற்றத்தில் ஜனங்கள் சாண்ட்விச்சை மடித்து உள்ளே வைத்தார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் வருத்தம் தெரிவித்துவிட்டு, மறுபடியும் அதே வருத்தத்தை அதே வார்த்தையில் தெரிவித்தார்.

எதிரே ஒரு கிழவி. பேரனின் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுபோகிறாள், மடியில் பெரிய வெள்ளைப் பெட்டி. டாம்வொர்த்தில் தேவாலயத்துக்கு எதிரில் மீன் வறுவல் கடை, அதற்கு மேல்மாடியில் வீடு. மூட்டுவலியிலிருந்து மருமகள்வரை எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டாள், பெயரைத் தவிர. டாம்வொர்த் நெருங்கியதும் எழுந்து கதவருகே போய் நின்றாள். வண்டி நிற்கவில்லை. தாமதத்தைச் சரிக்கட்ட அந்த நிறுத்தத்தையே ரத்து செய்துவிட்டார்கள். அதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. நடைமேடையும் அதில் நின்ற ஜனங்களும் கண்ணாடிக்கு வெளியே ஒரு கோடாக ஓடிப்போனார்கள். வண்டி குலுங்கியதில் கிழவி சரிந்தாள். நெவில் ஒரு கையால் அவளையும் மறு கையால் கேக்கையும் பிடித்தான். அவளைப் பிடித்துவிட்டான். கேக் பெட்டிக்குள் கவிழ்ந்தது.

இருக்கையில் கொண்டுவந்து உட்காரவைத்த நேரத்தில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். பளபளத்த பூட்ஸ்; வாயில் பெப்பர்மின்ட். சட்டைப் பை டிக்கெட்டைப் பார்த்தார். டாம்வொர்த் தாண்டிவிட்டதே என்றார். நெவில் கோட்டுப் பையிலிருந்து அடுத்ததை எடுத்தான். மூன்றாவது எங்கே என்றதும் எழுந்து பின்பையைத் தடவினான்.

“எத்தன பையில ஒளிச்சு வச்சிருக்கீங்க சார்?” என்றார் பரிசோதகர், பெட்டி முழுக்கக் கேட்கும்படி.

இந்த ரயில் டாம்வொர்த்தில் நிற்கவில்லை, ஆகவே இந்த டிக்கெட்டுகள் செல்லாது என்றார். நிற்கும் என்று அறிவிப்பில் சொன்னார்களே என்றான் நெவில். கிழவி கேக் பெட்டியைத் திறந்து அவர் மூக்கடியில் நீட்டி, இதற்கு என்ன பதில் என்று கேட்டாள். அது வேறு துறை அம்மா, பர்மிங்ஹாமில் டாக்ஸி பிடித்துக் கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் பரிசோதகர் ஒரு தாளை நிரப்ப ஆரம்பித்தார். நிரப்பி முடித்து நெவிலிடம் நீட்டினார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றான். பரவாயில்லை, வெறும் வழக்கமான தாள்தான், கீழே போடுங்கள் என்றார். சுற்றிலும் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெவில் பேனாவை வாங்கி ஒரு நெளிவு நெளித்துக் கொடுத்தான்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அன்புள்ள திரு. ராக் என்று தொடங்கியது. அந்த அன்புக்குக் கீழே, கட்டணத்தை ஏய்க்கும் நோக்கத்துடன் பயணம் செய்ததாகவும், அதை நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பதாகவும், வழக்கு தொடரப்படும் என்றும் இருந்தது. கூடவே அந்தத் தாளின் நகல். இந்த டிக்கெட்டுகள் செல்லாது என்று எனக்குத் தெரியும் என்று பரிசோதகரின் கையால் எழுதியிருந்தது. அதற்குக் கீழே நெவிலின் நெளிவு. மாரியன் அதைப் பார்த்தாள். மழை விட்ட பாதையில் செருப்புக்குக் கீழே மாட்டிய மண்புழு மாதிரி இருந்தது. இதை வைத்துக்கொண்டு ஒப்புதல் என்று எழுத ஒரு மனுஷனுக்குக் கை வந்திருக்கிறது.

இதில் போகக்கூடியது என்ன என்பது அவளுக்கு முதல் வாசிப்பிலேயே புரிந்தது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவனின் பெயரில் ஏமாற்றுக் குற்றம் ஏறினால் வேலை இருக்காது. பள்ளிக்குப் பின்னால் அவன் குடியிருந்த வீடும் வேலையோடு வந்த வீடு. ஐம்பத்தொரு வயதில், படிக்கத் தெரியாமல், வேறு வேலைக்கு யாரிடம் போய் நிற்பான்.

அவள் கம்பெனிக்கு எழுதினாள். நூலகத்தில் உட்கார்ந்து விதிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தாள். ரயில் அந்த நிலையத்தில் நிற்பதாக இருந்தால் டிக்கெட்டைப் பிரிக்கலாம் என்று அதில் தெளிவாகவே இருந்தது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து அனுப்பினாள். வண்டி எங்கே நிற்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டியது பயணியின் பொறுப்பு என்று பதில் வந்தது. ஓடுகிற வண்டி நிற்காமல் போகும் என்பதைக் கனவில் அறிந்துகொள்வதா என்று கேட்டு எழுதினாள். அதற்கு வந்த பதிலில் முந்தைய பதிலே மறுபடியும் இருந்தது, தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

அக்டோபரில் இன்னொரு கடிதம். முந்நூற்று இருபது பவுண்டு கட்டி, இணைத்துள்ள தாளில் கையெழுத்திட்டால் வழக்கு இராது. மாரியன் ஒரு வாரம் யோசித்தாள். தன் சேமிப்பிலிருந்து காசோலை எழுதினாள். தாளை மேசைமேல் விரித்து, முப்பது வருடமாக எழுதுகிற அந்த ‘என்’ என்ற ஆங்கில எழுத்துக்குப் பேனாவை இறக்கும்போது பின்கதவு வழியாக நெவில் வந்தான்.

என்ன தாள் என்று கேட்டான். முடிந்துவிட்டது, பணம் கட்டினால் போதுமாம் என்றாள். படிக்கச் சொன்னான். அவள் படித்தாள். அவன் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“நடுவுல ஒரு வரிய முழுங்கிட்டக்கா.”

இல்லை என்றாள்.

“தொகைக்கு அப்புறம் உன் மூச்சு நின்னுச்சு. அங்க ஒரு வரி இருக்கு. படி.”

ஏமாற்றும் நோக்கத்துடன்தான் பயணம் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன், இந்த ஒப்புதல் கம்பெனியின் பதிவேட்டில் இருக்கும். அந்த வரியை அவள் படித்தாள். நாக்கில் ஏதோ அழுகியதை வைத்தது போலிருந்தது.

“இதுலயா என் பேர எழுதப் போன?”

“உன் வேலை போயிடும்டா. வீடும் போயிடும். ஒரு வரிதானே, யாரு பாக்கப் போறா?”

“நான் ஏமாத்தலியே.”

“ஏமாத்தலன்னு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா எழுதப் போன?” என்றான். குரலை உயர்த்தவில்லை. “இது மாதிரி இன்னும் எத்தன தாள்ல, எனக்குப் படிச்சுக் காட்டாம, என் பேரு இருக்குக்கா?”

மாரியன் அலமாரிப் பக்கம் திரும்பினாள். பிஸ்கட் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. விவாகரத்துத் தாளில், மகளைப் பார்க்க ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை போதும் என்று ஒரு வரி உண்டு. வக்கீல் அவசரப்படுத்தினார், அவளும் சீக்கிரம் முடியட்டும் என்று கையெழுத்துப் போட்டாள். அவனுக்கு அதை நீதிமன்றத்தின் முடிவு என்றுதான் சொன்னாள். ரயில்காரனைப் பார்த்து நான்கு மாதமாக வந்த குமட்டல் அன்றைக்கு அவள் பக்கமே திரும்பியது. அந்தப் பரிசோதகர் ஒரு நாளில் செய்ததை அவள் முப்பது வருடமாகப் பாசத்தோடு செய்துவந்திருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை வரியை அப்போதே அவனிடம் சொன்னாள். அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். பிறகு, காசோலையைக் கிழி என்றான். கிழித்தாள்.

டிசம்பரில் பர்மிங்ஹாமுக்குப் போய், குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்று வாயாலேயே சொல்லிவிட்டு வந்தான். விசாரணை மார்ச்சில். மாரியனுக்கு இப்போது கேக் கிழவி வேண்டும். ஜனவரியில் டாம்வொர்த்துக்கு டிக்கெட் எடுத்துப் போனாள். தேவாலயத்துக்கு எதிரில் இரண்டு மீன் வறுவல் கடைகள். முதல் கடையின் மாடியில் பல் வைத்தியர் இருந்தார். இரண்டாவது கடையின் பக்கத்துப் படி பழைய எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கியது. கைப்பிடியைத் தொட்ட கையுறையை அவள் வீட்டுக்கு வந்ததும் எறிந்துவிட்டாள். மேலே கதவைத் திறந்த கேக் கிழவியின் பெயர் மிஸஸ் பாகுலி. மாரியன் வந்த காரணத்தைச் சொன்னாள்.

“கேக்கைப் புடிச்ச தம்பியோட அக்காவா? உள்ள வா கண்ணு” என்றாள். “அந்தப் பெப்பர்மின்ட்டு வாயனுக்கு எதிரா பேசணுமா? என் செலவுலயே வர்றேன்.”

அவளிடம் இருந்தது வெறும் வாய் மட்டுமல்ல. பர்மிங்ஹாமில் அவளுக்குக் கொடுத்த டாக்ஸிச் சீட்டின் அடிப்பகுதியை வைத்திருந்தாள். அதில் அந்தத் தேதி, அந்த ரயிலின் நேரம், அதற்கு எதிரே கம்பெனி ஆளின் கையெழுத்தில், டாம்வொர்த் நிறுத்தம் வழியில் ரத்து, பயணி இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிக் கொண்டுவரப்பட்டார் என்று இருந்தது. ஒரு கையால் கிழவிக்கு டாக்ஸி எழுதிக் கொடுத்த கம்பெனி, மறு கையால் நெவில்மேல் வழக்கு எழுதியிருக்கிறது. இரண்டு கைகளும் ஒரே உடம்பில்தான் இருந்தன. மாரியன் அந்தச் சீட்டை இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் போட்டு எடுத்துவந்தாள்.

விசாரணை நாளில் நீதிமன்றத் தாழ்வாரம் பொரித்த பன்றி இறைச்சி, ஈரக் குடை, யாருடைய குழந்தையோ எடுத்த வாந்தி எல்லாம் கலந்து நாறியது. கம்பெனியின் வக்கீல் ஒரே காலையில் பதினேழு வழக்குக் கட்டுகளோடு வந்திருந்தான். நெவிலின் பெயரை இரண்டு தடவை தப்பாகக் கூப்பிட்டான். உள்ளே மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்த அம்மையாருக்கு ஜலதோஷம். கம்பெனி ஆட்கள் இரண்டு பேர், அடுத்தடுத்த வழக்குக்குக் காத்திருந்த பத்துப் பன்னிரண்டு பேர்.

மாரியன் ஒன்றை யோசிக்கவே இல்லை. சாட்சிக் கூண்டில் ஏறியதும் சேவகர் ஓர் அட்டையை நீட்டினார். சத்தியப் பிரமாணம் அதில் அச்சிட்டிருந்தது. சத்தமாகப் படிக்க வேண்டும். இவ்வளவு கடிதம் படித்தவள், இவ்வளவு விதி படித்தவள், இந்த அட்டையை மறந்துவிட்டாள். நெவிலின் கை அட்டையில் இருந்தது. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லப் போகிறான் என்று அவள் நினைத்தாள். அப்படிச் சொல்லட்டும் என்றும் நினைத்தாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாதும்மா” என்றான் அவன், நடு நீதிபதியைப் பார்த்து. “ஒரு தடவ சொல்லுங்க. திருப்பிச் சொல்றேன்.”

பின் வரிசையில் யாரோ ஒருவன் சிரித்தான். நீதிபதி அம்மையார் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு அந்தப் பக்கம் பார்த்தார், சிரிப்பு நின்றது. சேவகர் பிரமாணத்தை முழுதாகச் சொன்னார். நெவில் ஓர் எழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்னான்.

வக்கீல் அந்தத் தாளைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானே என்றான். அது கையெழுத்து இல்லை, எனக்குக் கையெழுத்து கிடையாது, கொடுத்தார்கள், கிறுக்கினேன் என்றான் நெவில். மூன்று பையில் ஏன் ஒளித்தீர்கள் என்ற கேள்விக்கு, படிக்கிறவனுக்கு ஒரு பை போதும் ஐயா என்றான். டாம்வொர்த்தில் நிற்கும் என்று எப்படித் தெரியும் என்று நீதிபதி கேட்டார். அன்று காலை ஒன்பது இருபத்தேழு ரயிலுக்கு வந்த அறிவிப்பை அவன் அப்படியே சொன்னான், நடுவில் அறிவிப்பாளர் இருமிய இடத்தில் இங்கே இருமினார் என்றும் சேர்த்து. நீதிபதி வலது பக்கத்துக்காரரைப் பார்த்தார். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார்.

பிறகு மிஸஸ் பாகுலி டாக்ஸிச் சீட்டோடு ஏறினாள். கேக்கின் விலையை யாரும் கேட்கவில்லை என்பது அவளுக்குக் குறைதான், கேட்காமலே சொன்னாள். சீட்டு மூன்று நீதிபதிகளின் கைக்கும் போய்வந்தது. நாற்பது நிமிடத்தில் வழக்கு தள்ளுபடி.

வருத்தம் தெரிவிப்பார்கள் என்று மாரியன் ஓர் அரை நிமிடம் நின்றாள். ரயிலில் முப்பத்தொரு நிமிடத் தாமதத்துக்கு இரண்டு தடவை வருத்தம் தெரிவித்தவர்கள் அல்லவா. வக்கீல் நெவிலின் கட்டை அடியில் தள்ளிவிட்டு அடுத்ததை மேலே எடுத்தான். அதிலும் ஒரு பெயர் இருந்தது. பிரித்து டிக்கெட் எடுத்த ஒரு நர்ஸ், இருபது வயது, பின் வரிசையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு டாக்ஸிச் சீட்டு வைத்திருக்கும் கிழவி கிடைத்திருக்க மாட்டாள். வெளியே வரும் வழியில் நெவில் அவள் பக்கம் குனிந்து, அந்தத் தாளில் எழுதியிருப்பது நீ சொன்னதுதானா என்று முதலில் கேள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

தாழ்வாரத்தில், பயணச் செலவை நீதிமன்றத்திலேயே கேட்டுப் பெறலாம் என்று எழுத்தர் ஒரு பாரம் கொடுத்தார். மாரியன் சுவரோடு வைத்து நிரப்பினாள், ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்துக் காட்டியபடி. ஆளுக்கு இரண்டு டிக்கெட்டுகள்: செஸ்டர்ஃபீல்டிலிருந்து டாம்வொர்த், டாம்வொர்த்திலிருந்து பர்மிங்ஹாம். ஒரு பயணத்துக்கு ஏன் இரண்டு டிக்கெட் என்று எழுத்தர் கேட்டார். உங்க காசு மிச்சமாகட்டும்னுதான் என்றான் நெவில்.

அடியில் கோடு போட்ட இடம் வந்தது. அவள் பழக்கத்தில் பேனாவை அங்கே கொண்டுபோய், நடுவில் நிறுத்தினாள். நெவில் பேனாவை அவள் விரலிலிருந்து எடுத்தான்.

“பதினொரு லெட்டர் போட்டாங்கக்கா” என்றான். “ஒவ்வொண்ணுலயும் மேல அதே எடத்துல அதே பேரு. திட்டுறதுக்காச்சும் சரியா எழுதியிருக்கானுங்க.”

பள்ளியில் கொதிகலன் அறையின் சிமென்ட் தரையில் சாக்பீஸால், கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தினம் காலை பிள்ளைகள் வருவதற்கு முன் எழுதியிருக்கிறான். எழுதிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவான். ஐந்து மாதமாக. அவள் அவன் வீட்டுக்கு வாரம் மூன்று தடவை போகிறவள், அவன் சட்டைக் கையில் வெள்ளைத் தூசியைப் பார்த்தவள், பெயின்ட் அடிக்கிறான் என்று நினைத்தவள்.

அவன் பாரத்தைச் சுவரில் வைத்து இடது கையால் அழுத்திப் பிடித்தான். எழுத்தருக்கு அவசரம், பின்னால் நர்ஸின் பெயரைக் கூப்பிட்டார்கள். நெவில் அவசரப்படவில்லை. ஆங்கிலத்தில் முதல் பெயருக்கு ஏழு எழுத்து, குடும்பப் பெயருக்கு ஐந்து. அச்சு எழுத்தைப் பார்த்துப் பழகியதால் எல்லாம் அச்சு எழுத்து மாதிரியே நிமிர்ந்து நின்றன. மாரியன் பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றாக எண்ணினாள். பன்னிரண்டும் இருந்தன.

பக்கத்தில் தேதிக்கு ஒரு கட்டம் இருந்தது. எண்கள் அவனுக்கு எப்போதுமே தெரியும். அதையும் அவனே போட்டான்: 11-3-2015.